ஏழாவது வீட்டுக்கு வந்த சங்கிலி

சம்மனசுபட்டி விலக்கில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பகல் மணி பன்னிரண்டு. அன்றைய வெயிலைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். என் நிழல்கூட இனி நடக்க மாட்டேன் என்று புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. நான் தனியாகத்தான் ஊருக்குள் போனேன்.

கூடலூரிலிருந்து மேற்கே ஏழு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், நடுவில் ஒரு தெரு, தெருக்கோடியில் மாதா கோயில். ஊர் அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷம் சுகாதார ஆய்வாளராக இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நடந்தவன் நான். கிணறுகளில் நான் போட்ட பிளீச்சிங் பவுடரை ஓரிடத்தில் கொட்டியிருந்தால் மேகமலைக்குத் தம்பியாக இன்னொரு மலை நின்றிருக்கும். ஓய்வு பெற்றபின் பழனிசெட்டிபட்டியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னை ரூபன் கறிச்சோற்றுக்குக் கூப்பிட்டிருந்தான். என்னிடம் ஜீப் ஓட்டிய ஆண்டனி ராஜின் மகன். அப்பன் இறந்த பின்னும் வருஷம் தவறாமல் கூப்பிடுவான். நானும் வருஷம் தவறாமல் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவேன்.

தெருவில் நுழைந்ததும்தான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை. ஒரு பிள்ளையின் சத்தமும் இல்லை.

நடுப்பகலில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தன. எங்கோ யாரோ பலகை அறுப்பதுபோல ஒரு சத்தம். இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. தச்சுவேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மரத்தூள் வாசத்துக்குப் பதிலாக, வாசலுக்கு வாசல் வேறொரு வாடை வந்தது. பழக்கூடையின் அடியில் நாலு நாளாக நசுங்கிக் கிடந்த திராட்சை போல, இனிப்பும் அழுகலும் கலந்த வாடை.

ரூபன் வீட்டில் கறி வேகவில்லை. அவன் மனைவி ஜெசி கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"வாங்க மாமா. போன் போட்டு வர வேணாம்னு சொல்லச் சொன்னேன். இவுக மறந்துட்டாக. புள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி."

பொன்னுக்கு வீங்கிதானே என்று நானும் சாதாரணமாகத்தான் உள்ளே போனேன். காதடியில் வீங்கும், கழுத்தில் பொன் சங்கிலி போடுவார்கள், ஒரு வாரத்தில் தானே வடியும், புகழ் சங்கிலிக்குப் போகும். என் சர்வீஸில் ஆயிரம் பார்த்திருக்கிறேன். சரி, இருநூறு.

கட்டிலில் பெனிஷா கிடந்தாள். ஏழு வயது. கழுத்தில் சங்கிலி ஏறியிருந்தது.

பலகை அறுக்கும் சத்தம் அவள் தொண்டையிலிருந்துதான் வந்தது.

அவளுக்காக வாங்கி வந்திருந்த மிக்சர் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். காதடி மட்டும் வீங்கியிருந்தால் என் மனம் அதுபாட்டுக்கு இருந்திருக்கும். இந்தக் கழுத்தில் தாடை எது, தோள் எது என்று தெரியவில்லை. காளைமாட்டின் கழுத்தாக இருந்தது. ஒரு கரண்டி கேட்டு வாங்கி, அதன் காம்பால் நாக்கை அழுத்தி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். தொண்டையின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்தது. ஓட்டை அடைக்க ஒட்டிய பழைய கித்தான் போல.

இருபத்தைந்து வருஷமாக நான் பார்க்காத தோல் அது.

"ஆத்தா ஜெசி, இது பொன்னுக்கு வீங்கி இல்ல. தொண்டை அடைப்பான். தேனிக்குப் போயி விஷமுறிவு மருந்து ஏத்தணும். இப்பவே."

"என்ன மாமா இப்புடிச் சொல்றீக. தெருவுல ஆறு புள்ளைக்கு வந்து..."

"வந்து?"

"மேலவீட்டுப் பையன் செத்துப் போனான். மூச்சு முட்டிருச்சுன்னாக."

ஆறு பிள்ளைகளின் பெயரையும் நாளையும் அவள் சொல்லச் சொல்ல, சுவரில் தொங்கிய காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதினேன். பழைய வேலைக்காரனின் கை அரிப்பு. யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம். எழுதி முடித்துப் பார்த்தால் நோய் தெருவில் வரிசையாக வீடு ஏறியிருந்தது. காற்றில் வருவது அப்படி வராது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாவும்.

"சங்கிலி எந்த வரிசையில வந்துச்சு?"

ஜெசி தாளைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "இதே வரிசைதான் மாமா."

சங்கதி இதுதான். சம்மனசுபட்டியில் எல்லா வீட்டிலும் பொன் கிடையாது. மாதா சுரூபத்தின் கழுத்தில் கிடக்கும் நேர்ச்சைச் சங்கிலியை வீட்டுக்கு மூன்று நாள் என்று கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் பூத்தட்டில் வைத்துக் கொண்டுவருவார். பிள்ளைக்குப் போடுமுன் தெருப்பிள்ளைகள் எல்லாம் வரிசையில் வந்து அதை முத்தி செய்ய வேண்டும். முத்தி செய்தால் தனக்கு வராது என்று நம்பிக்கை. காய்ச்சல் பிள்ளை வாயில் போட்டுக் கடித்த சங்கிலியை அடுத்த வீட்டில் இருபது பிள்ளைகள் உதட்டில் ஒற்றிக்கொண்டிருக்கிறார்கள். கிருமிக்கு இதைவிட மரியாதையாக யாரும் பல்லக்கு தூக்கியிருக்க முடியாது.

"பெனிஷாவுக்கு ஊசியெல்லாம் போட்டிருக்கா?"

"இந்த ஊருக்கு எங்க மாமா வந்தாக? நீங்கதான அப்ப இருந்தீக."

நான்தான் இருந்தேன். ஊசி போட்ட ஒரு பிள்ளைக்குத் தொடை வீங்கியதென்று ஊரே கதவைச் சாத்திய வருஷம் அது. நான் ஓய்வு பெற இருந்த வருஷமும் அதுதான். நாலு தடவை வந்தேன். ஐந்தாம் தடவை ஜீப்பில் உட்கார்ந்தபடியே 'சம்மனசுபட்டி, நூற்றுக்கு நூறு' என்று எழுதிவிட்டேன். முழுசாகப் போட்டாயிற்று என்று தாளில் இருந்ததால் எனக்குப் பின் வந்தவர்களும் இந்த ஊரைத் தேடவில்லை. வாழ்நாளெல்லாம் நான் அளந்த கதைகளுக்கு எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒன்றுக்கு மேலவீட்டுப் பையன் செத்தான்.

கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்த ரூபன் ஜீப்பை எடுக்க ஓடினான். நான் தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மற்றப் பிள்ளைகளுக்கு ஆம்புலன்ஸ் கேட்டேன். அதற்குள் உபதேசியார் இன்னாசி வாசலில் வந்து நின்றார். எழுபத்தைந்து வயது, ஈர்க்குச்சி உடம்பு.

"மூணு நாள் கழியாமச் சங்கிலி போட்ட புள்ள வாசப்படி தாண்டக்கூடாது சார்."

"தாண்டலேன்னா மூணாம் நாள் எங்க தாண்டும்னு உங்களுக்கே தெரியும் உபதேசியாரே."

கட்டிலில் பெனிஷா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அக்கா... விடு."

"எந்த அக்காடா கண்ணு?" என்று கேட்டேன்.

"சங்கிலி போட்ட அக்கா."

ஜெசி என் காதோரம் கிசுகிசுத்தாள். "எல்லாப் புள்ளையும் இதையேதான் மாமா சொல்லுது."

நான் சிரித்தேன். காய்ச்சல் ஏறினால் பிள்ளைகள் எதுவும் பார்க்கும். சிரித்துக்கொண்டே குனிந்து சங்கிலியின் கொக்கியைத் தேடினேன். கழுத்தில் விரல் நுழைக்க இடமில்லை. வீக்கம், அதனால் இறுகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு பின்பக்கத்தைப் பார்த்தேன்.

சங்கிலி பிடரியைத் தொடவே இல்லை. இரண்டு விரற்கடை தள்ளி, காற்றில் விறைத்து நின்றது.

யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் தலையில் மிச்சமிருந்த பதினெட்டு முடியும் எழுந்து நின்றது. அறுக்கும் சத்தம் இப்போது இரண்டாகக் கேட்டது. ஒன்று பெனிஷாவின் தொண்டையில். மற்றொன்று என் முழங்கை உயரத்தில், வெறும் இடத்தில்.

இன்னாசி சுவரோடு ஒட்டிக்கொண்டார். சொல்லக் கூடாததைச் சொல்கிறவர்போல மெதுவாகச் சொன்னார். "ஞானப்பூ சார். எங்க அப்பாரு உபதேசியாரா இருந்த காலத்துல செத்த புள்ள. எட்டு வயசு. இதே நோக்காடு. ஊருக்குப் பரவும்னு சக்கிறீஸ்துல போட்டுப் பூட்டிட்டாக. பூசைச் சாமான் வைக்கிற உள்ரூம்பு. கழுத்துல இந்தச் சங்கிலிய மட்டும் போட்டு. மூணு நாளு இந்தச் சத்தம் கேட்டுச்சாம். அப்புறம் கேக்கல. சங்கிலிய மாதாவுக்குப் போட்டாக, அடங்கிக் கெடந்தா. இந்த வருசம் சுரூபத்துக்குப் பெயிண்ட் அடிக்கக் கழத்தினேன். அந்த ரூம்புல வச்சேன். ஒரு ராத்திரி."

கிருமி குமுளி ஜீப்பில் யாரோ ஒருவர் தொண்டையில் உட்கார்ந்து வந்திருக்கும் என்று நான் இன்றும் அறிக்கையில் எழுதுவேன். அந்த அறைக்குள் அந்த நிமிஷத்தில் எழுதச் சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று தெரியாது.

"கும்புட்டுக் கேட்டுப் பாப்போம்" என்று இன்னாசி முழங்காலிட்டார்.

ஜெசி முழங்காலிடவில்லை. உள்ளே போனாள். திராட்சைக் கொடி வெட்டும் கவாத்துக் கத்தரியோடு வந்தாள்.

"ஏ ஆத்தா, அது மாதா பொன்னு" என்றார் இன்னாசி.

"மாதா கோவிச்சா நான் பேசிக்கிறேன் உபதேசியாரே. அவளும் புள்ள பெத்தவதான்." வெறும் காற்றைப் பார்த்துச் சொன்னாள். "உன்னயப் பூட்டுனவுக செத்து மண்ணாப் போயிட்டாக. எம்புள்ள உன்னய என்னடி செஞ்சா? கைய எடு."

கத்தரியை வைத்து அழுத்தினாள். சங்கிலி இரண்டாகத் தெறித்தது.

வாசல் கதவு படாரென்று அடித்தது. வெளியே போனது என்னவோ, அது போன வழியில் தண்ணீர்க் குடம், நாற்காலி, என் மிக்சர் எல்லாம் உருண்டன. மிக்சர் மூன்று தெரு தாண்டிச் சிதறியது. போகட்டும், ஒரு தெரு.

பெனிஷாவைத் தூக்கிக்கொண்டு ஜெசி ஜீப்பில் ஏறினாள். ரூபன் தேனிக்கு ஓட்டிய ஓட்டத்தில் வழியில் இருந்த வேகத்தடையெல்லாம் சமதளமாகியிருக்கும்.

நான் போகவில்லை. எனக்கு அங்கே வேலை இருந்தது.

முதல் வேலையாக, அறுந்த சங்கிலியை ஜெசி வீட்டு அடுப்பில் தண்ணீர் வைத்து வேகப்போட்டேன். இன்னாசி கண்ணீர் விட்டார். "அரை மணி நேரம் கொதிக்கட்டும், மாதாவுக்குச் சுத்தமான பொன்னாவே குடுப்போம்" என்றேன். கொதிக்கும் பாத்திரத்துக்குள்ளிருந்தும் அந்தச் சத்தம் வந்தது. இழுத்து, நிறுத்தி, இழுத்து. நான் பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்து கொண்டேன். சத்தம் போடுகிற பாத்திரத்துக்கெல்லாம் பயந்தால் டீக்கடைப் பக்கம் போக முடியுமா.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிராம நர்ஸ் தேவயானி ஐஸ்பெட்டியோடு வந்தாள். கூட டாக்டரும் மாத்திரைகளும். ஊரில் மூச்சு விடும் எல்லோருக்கும் மாத்திரை, பிள்ளைகளுக்கு ஊசி. கோயில் முன்னால் மேசை போட்டாயிற்று. ஊர் முழுக்கக் கூடி நின்றது. ஒருவரும் பிள்ளையை அனுப்பவில்லை.

"சங்கிலிய அறுத்தாச்சு. இனி அவ வீடு வீடா வருவா" என்றார் கூட்டத்தில் ஒருவர். "ஊசி போட்டா மட்டும் விட்டுருவாளா?"

பெனிஷாவுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்று ரூபன் காலையில் போனில் அழுதிருந்தான். ஐந்து பிள்ளைகள் ஆம்புலன்ஸில் போயிருந்தார்கள். இங்கே சங்கிலியை முத்தி செய்த உதடுகள் இன்னும் நூறு நின்றன.

நான் கோயில் படியில் ஏறினேன். பேசுவது எனக்குக் கைவந்த கலை. ஆனால் அன்று வாயில் வந்தது வழக்கமான சரக்கு இல்லை.

"இந்த ஊருல எல்லாருக்கும் ஊசி போட்டாச்சுன்னு பொய் எழுதினவன் நான். ஏழு வருசத்துக்கு முன்னாடி. அந்தப் பொய்யாலதான் யாரும் இங்கன வரல. என்னய அடிக்கிறதுன்னா அப்புறமா அடிங்க, கெழவன் எங்கயும் ஓடிற மாட்டேன். மொதல்ல புள்ளைகள விடுங்க."

ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மேலவீட்டுப் பையனின் தாய் பவுனு. என் முகத்துக்கு நேரே நின்றாள். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று இன்று வரை நினைக்கிறேன்.

"எனக்கு இன்னொண்ணு இருக்கு" என்றாள். "அவள நிறுத்துங்க. தர்றேன்."

அப்போது அந்த அறுக்கும் சத்தம் கேட்டது. பூட்டிய சக்கிறீஸ்துக்குள்ளிருந்து.

கூட்டம் பின்வாங்கியது. டாக்டர் தன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"தேவயானி, ஒரு ஊசியில மருந்து ஏத்து. அரை மில்லி."

"யாருக்கு சார்?"

"வரிசையில மொத ஆளு அவதான."

இன்னாசியிடமிருந்து சாவியை வாங்கினேன். நானே திறந்தேன். சின்ன அறை. உச்சி வெயில் கூரை ஓட்டை வழியாக ஒரு காசளவு விழுந்தது. அழுகின திராட்சை வாடை. அலமாரியில் பூசை உடைகள், மெழுகுவத்திக் கட்டுகள். கதவின் உள்பக்கத்தில், என் இடுப்புயரத்தில், மரம் பிறாண்டி வெளுத்திருந்தது. ஒரு சின்னக் கைக்கு எட்டும் உயரம்.

அதைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. கோபம் வந்தது. அவள்மேல் இல்லை.

"ஏ ஞானப்பூ" என்றேன். "உனக்கு ஊசி போட அன்னிக்கு எவனும் வரல. பூட்டுதான் வந்துச்சு. அது தப்பு. இப்ப நான் வந்திருக்கேன், எழுபது வருசம் லேட்டு. கவர்மெண்ட் ஆளு, அப்புடித்தான் வருவேன். கைய நீட்டு."

சத்தம் நின்றது.

என் இடுப்புக்குக் கீழே, வெறும் காற்றில் குளிர் திரண்டது. முப்பத்தாறு வருஷத்தில் ஊசியைக் கண்டு அழாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று உலகத்தின் மிகப் பழைய பொய்யைச் சொல்லி, குளிர்ந்த இடத்தில் குத்தினேன்.

காற்றில் குத்தினால் ஊசி வழுக்கிக்கொண்டு போகவேண்டும். போகவில்லை. தோல் கொடுக்கும் எதிர்ப்பைக் கொடுத்தது. நான் அழுத்தினேன். அரை மில்லி மருந்தும் இறங்கியது.

வெளியே எடுத்தேன். ஊசி காலி. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நான் வெளியே வந்து காலி ஊசியைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே அமைதி. பவுனு தன் மகளைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஊர் நகர்ந்தது. சாயங்காலத்துக்குள் நூற்றிப் பதினாறு பிள்ளைகள். இந்த எண்ணில் ஒன்றுகூட நான் கூட்டவில்லை, தேவயானியிடம் கேட்டுக்கொள்ளலாம். போட்ட பிள்ளை எது, போடாத பிள்ளை எது என்று தெரிய, ஒவ்வொரு பிள்ளையின் இடது சுண்டுவிரல் நகத்திலும் அவள் பேனாவால் கறுப்புக் கோடு இழுத்தாள்.

"உள்ள போட்ட புள்ளைக்குக் கோடு போடலையே சார்" என்று கேலி செய்தாள்.

"விரல் எங்கன இருக்குன்னு தெரியலம்மா."

நாலு மணிக்கு ஜெசி போன் செய்தாள். "தோலு கரையுதுன்னு டாக்டர் சொல்றாக மாமா. தண்ணி கேட்டா. குடிச்சுட்டா." பெனிஷாவின் குரல் தேற இரண்டு மாதம் ஆகுமாம். ஆகட்டும். நான் பொய்யறிக்கையைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பென்ஷனில் கை வைப்பார்கள் என்கிறார்கள். வைக்கட்டும்.

மூன்று வாரம் கழித்து, காலை பதினொன்றரைக்குத் தேவயானி கூப்பிட்டாள். மயிலாடும்பாறைக்கு மேலே ஒரு மலையடி ஊரில் ஊசி முகாம். அங்கும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டதாம்.

"சார், இப்ப ஒரு புள்ள வந்துச்சு. ஒத்தையா. எட்டு வயசு இருக்கும். எனக்கு ஊசி போட்டாச்சு, கோடுதான் போடலன்னு இடது கைய நீட்டுச்சு."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "போட்டியா?"

"போட்டேன். கோடு நகத்துல நிக்கல சார். கீழ மேசைத்துணியில விழுந்துருக்கு. நேரா, ஒரு கோடு."

"அந்தப் புள்ள எங்க?"

"மத்தவகளக் கூட்டியாரேன்னு ஊருக்குள்ள போச்சு." தேவயானியின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "இப்பக் கதவெல்லாம் தொறக்குது சார். புள்ளைக வருதுக. ஒவ்வொண்ணா, வரிசையா. எல்லாப் புள்ளையும் வலது கையை முன்னால நீட்டிக்கிட்டு வருது. யாரோ கையப் புடிச்சுக் கூட்டியார மாதிரி."